வீட்டுக்கெல்லாம் பெயர் ஒட்டியவர்

பல்லால் டேப்பைக் கடித்து இழுக்கிறார். வலது கையில் மார்க்கர் பேனா, இடது கையில் வெட்டிய அட்டைத் துண்டு. கத்தரிக்கோல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் பல்தான். கிடங்கில் வருஷக்கணக்காகப் பெட்டி ஒட்டிப் பழகிய வாய் அது. "ஏங்க, என்னைக்காவது ஒருநாள் பல்லும் டேப்போட சேர்ந்து வந்துடப் போகுது" என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். டேப்பைக் கடித்த வாயோடு அவரும் ஏதோ பதில் சொல்வார், யாருக்கும் புரியாது. நாற்காலியின் முதுகில் அட்டையை வைத்து, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி, ஓரடி பின்வாங்கிப் பார்ப்பார். 'நாற்காலி' என்று எழுதியிருக்கும். கொஞ்சமும் கோணல் இருக்காது.

நாற்காலி மட்டுமா? கதவில் 'கதவு'. சன்னலில் 'சன்னல்'. கண்ணாடி, அலமாரி, கட்டில், விளக்கு, தட்டு, வாளி என்று அந்த இரண்டு அறை வீட்டில் பெயர் ஒட்டாத பொருளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எரிவாயு அடுப்பின் மேல் ஒட்டிய அட்டை ஒருமுறை ஓரத்தில் கருகிப்போனதும், மனைவி கரண்டியை உயர்த்திக் காட்டி அடுப்புக்கு மட்டும் விலக்கு வாங்கினாள். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'லேபிள்காரர்' என்று பெயர் வந்தது இப்படித்தான். அவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. மாடிப்படியில் யாராவது "என்ன லேபிள்காரரே" என்று கூப்பிட்டால் ஏதோ பட்டம் வாங்கியவர் போலத் திரும்பிப் பார்ப்பார்.

நெட்டையான ஆள். கிடங்கின் உயரமான ரேக்குகளுக்கு இடையே கூவிக் கூவிப் பழகியதால் வீட்டுக்குள்ளும் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கும். அவர் வேலை, கேட்கிற சரக்கைத் தேடி எடுத்துக் கொடுப்பது. பிற்பகலில் போனால் இரவு திரும்புவார். மனைவிக்கு ரொட்டிக் கடையில் வேலை, இருட்டோடு கிளம்பி மதியம் வந்துவிடுவாள். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்ப்பது வாசற்படியில்தான். "சாப்பிட்டா, மாத்திரை குடுத்தாச்சு, கால் அரிக்குதுன்னு அழுதா, விசிறி விட்டேன்" என்று அவர் ஒப்படைப்பார். மாவு வாசனையோடு அவள் உள்ளே வருவாள், செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வெளியே போவார்.

ஒப்படைப்பது மகளை. ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள் என்று பிறந்தபோது ஆஸ்பத்திரியில் யாரோ சொல்ல, சுண்டு என்பதே கூப்பிடும் பெயராகிவிட்டது. பள்ளி ஆண்டு முடியப் போகிற நேரத்தில்தான் முதல் வகுப்பில் இடம் கிடைத்தது; சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பூங்காவில் சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் அவளை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தது.

முதல் வகுப்பு டீச்சர் நல்லவர். வீடு தேடி வந்து, சுண்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காட்டிய பொம்மை ஒவ்வொன்றையும் விசாரித்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் பெற்றோரிடம் சொன்னார்: "பெரிய லீவு முடிஞ்சு வர்றப்போ சின்னச் சின்ன வார்த்தையைத் தானா எழுத்துக்கூட்டிப் படிச்சா போதும். அவ செட்டோடயே ரெண்டாவது போகலாம். இல்லேன்னா திரும்ப ஒன்னாவதுல உட்காரட்டுமே. அதுல ஒன்னும் தப்பில்லை."

தப்பில்லைதான். ஆனால் உள்ளே படுத்திருந்தவளின் காது பாம்புக் காது. "அப்போ வாயாடி பக்கத்துல நான் உட்கார முடியாதா?" என்று குரல் வந்தது. வாயாடி என்பவள் எதிர்வீட்டுப் பெண், அதே வகுப்பு. தினமும் சாயங்காலம் வந்து, இன்றைக்கு யார் அழுதார்கள், யார் வாந்தி எடுத்தார்கள், தன் பக்கத்து இடத்தை யார் பிடிக்கப் பார்த்தார்கள், அதை எப்படிப் பை வைத்துக் காப்பாற்றினாள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போவாள். அந்த இடம்தான் சுண்டுவுக்கு உலகம். "முடியும்" என்றார் அப்பா. எப்படி என்று அவருக்குத் தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

மறுநாளே அட்டையும் மார்க்கரும் வந்துவிட்டன.

அவருக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். கிடங்கில் ஆயிரம் பொருள் இருந்தாலும் எதுவும் தொலைவதில்லை. காரணம், ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டியிருக்கிறது. வீட்டிலும் ஒட்டிவிட்டால் கண்ணில் பட்டுப் பட்டே படிப்பு வந்துவிடாதா? கிடங்கில் ஒரு சக்கரம் கிறீச்சிட்டதால் மூலையில் தள்ளி வைத்திருந்த தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி வந்தார். மெத்தை போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்து, சுண்டுவை அதில் உட்காரவைத்து, காலையில் வீட்டைச் சுற்றி ஊர்வலம். "சரக்கு வண்டி வருது, வழி விடுங்க!" என்று கூவிக்கொண்டே தள்ளுவார். கதவருகே நிறுத்துவார்.

"இது என்ன போட்டிருக்கு?"

"கதவு!"

"சபாஷ்! அடுத்தது?"

"அலமாரி!"

"அடி சக்கை!"

கொஞ்ச நாளில் தடங்கலே இல்லை. விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, இழுத்து, ராகத்தோடு படித்தாள். நாற்காலியை 'நா... ற்... கா... லி...' என்று அவள் நீட்டும்போது அவருக்குத் தலைகால் புரியாது. கைப்பேசியில் படம் பிடித்துக் கிடங்கில் ஒருவர் விடாமல் காட்டினார். லாரி ஓட்டுநர்கள் கூடப் பார்த்தார்கள். "என் பொண்ணு வீட்டையே படிச்சு முடிச்சுட்டா. இனிமே தெருவைத்தான் படிக்கணும்" என்று அளந்துவிட்டார். சூப்பர்வைசர் அந்தப் படத்தை மூன்றாவது முறை பார்க்க நேர்ந்தபோது, "பார்த்தாச்சுப்பா, நல்லா படிக்கிறா, போய் வேலையைப் பாரு" என்றார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வினை டேப்பில் வந்தது. மழை பிடித்துக்கொண்டு ஈரம் ஏறியதில் ஒருநாள் மதியம் பாதி அட்டைகள் உதிர்ந்துவிட்டன. மனைவி பெருக்கும்போது அவற்றை ஒதுக்கி அடுக்கி வைத்தாள். அவர் மறுநாள் காலையில் வழக்கம்போல் டேப்பைக் கடித்து, அடுக்கில் இருந்த வரிசைப்படியே சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போனார். எதையும் படித்துப் பார்க்கவில்லை. அடுக்கின் வரிசை மாறாது என்பது கிடங்குப் பழக்கம். பெருக்குமாறு வரிசை பார்க்காது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சரக்கு வண்டி கிளம்பியது. கண்ணாடி முன்னால் நின்றது.

"இது என்ன போட்டிருக்கு?"

சுண்டு விரலை வைத்தாள். "க... ண்... ணா... டி."

"சபா..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றார். அவள் விரலுக்கு மேலே, அவருடைய கையெழுத்தில், கொட்டை எழுத்தில் 'அலமாரி' என்று இருந்தது.

சரி, பொருளைப் பார்த்துச் சொல்லிவிட்டாள், குழந்தைதானே என்று அட்டையைப் பிய்த்தார். அவள் மடியில் வைத்தார். "இப்போ படி கண்ணு."

சுண்டு அட்டையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள். பிறகு மிகவும் பொறுப்பாக, வேலை தெரிந்தவள் போல் கேட்டாள்:

"இது எங்க ஒட்டியிருந்துச்சுப்பா? அதைச் சொல்லு, நான் சொல்றேன்."

ஒவ்வொரு அட்டையாகப் பிய்த்துக் கொண்டுவந்து மடியில் போட்டார். ஒன்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. விரல் ஓட்டம், ராகம், இழுப்பு எல்லாம் அச்சு அசலாக அவரிடமிருந்து பிடித்துக்கொண்டது. படிப்பு மட்டும் வரவேயில்லை. லீவு பாதி கரைந்திருந்தது.

அவர் முகத்தை மறைக்கத் தெரியாதவர். சுண்டு அட்டைகளை விட்டுவிட்டு அந்த முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ நான் படிக்கலையா?"

"இல்லடா, அது வந்து..."

"நீ சபாஷ் சொன்னியே?"

சுண்டு அட்டைகளை மடியிலிருந்து தள்ளிவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றாள், மாவுக்கட்டு விடவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு எழுத்து இருக்கிற எதையும் அவள் பார்க்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் போட்டுத்தான் பிரித்தாள். வாயாடி கொண்டுவந்து காட்டிய புத்தகத்தை, "எனக்குப் படிக்க வராது, நீ வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். உலகத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்த ஆளைப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மதியம் வந்த மனைவி விஷயம் முழுவதையும் வாசற்படியில் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, முதலில் சிரிப்பு முந்திக்கொண்டது. "நீங்க படிப்பு சொல்லிக் குடுக்கலைங்க. குடோன் வேலை சொல்லிக் குடுத்திருக்கீங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க, சேர்த்துக்குவாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவரோடு வேலைக்குப் போனது. அன்றிரவு ரேக்குகளுக்கு இடையே நடக்கும்போது தன் கையையே கவனித்தார். சீட்டில் என்ன கேட்டிருக்கிறதோ, கால் தானாகத் திரும்புகிறது, கை தானாக நீள்கிறது, பெட்டி வருகிறது. பெட்டியில் ஒட்டியிருப்பதை அவர் படிப்பதேயில்லை. கடைசியாக எப்போது படித்தோம் என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை. மகள் வேறு யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள்? அப்பன் எப்படியோ அப்படியே பிடித்திருக்கிறாள், அதுவும் பிசகில்லாமல்.

வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் டியூஷனுக்கு ஆள் தேடியிருப்பார், அல்லது குழந்தைக்குப் புத்தி மந்தம் என்று பேசியிருப்பார். நம்முடைய ஆளிடம் இருக்கும் பெரிய குணம் இதுதான்: தப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டால் அதை அங்கேயே இறக்கி வைக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு போய் உரியவரிடம், அந்த உரியவர் தானே என்றாலும், சேர்த்துவிடுவார். மறுநாள் காலையில் தரையில், சுண்டுவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.

"ஒன்னு சொல்லட்டுமா? அப்பாவும் குடோன்ல படிக்கிறதே இல்லை."

முகம் திரும்பவில்லை. காது திரும்பியது.

"கண்ணைக் கட்டிவிட்டாக்கூட எடுப்பேன். எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும். நீயும் என்னை மாதிரிதான். அதான் தப்பாயிடுச்சு. நீ பண்ணல, நான்தான் பண்ணேன்."

சுவரைப் பார்த்தபடியே கேள்வி வந்தது. "படிக்கவே மாட்டேன்னா எதுக்கு ஒட்டுறீங்க?"

"புதுசா ஒருத்தர் வந்தா அவங்களுக்கு வேணும்ல? அவங்களுக்கு இடம் தெரியாதே."

"அவங்க எப்படிப் படிப்பாங்க?"

"மெதுவா. ஒவ்வொரு எழுத்தா."

இப்போது முகம் திரும்பியது. "நம்ம வீட்டுக்குப் புதுசா யாரு வர்றாங்க?"

"நாமதான். நீயும் நானும் இன்னிலேர்ந்து இந்த வீட்டுக்குப் புதுசு. எதுவும் தெரியாது நமக்கு."

முதலில் எழுத்துகள் வந்தன, அதுவும் பெட்டிக்காரர் பாணியில். அகரத்தை அவர் தொடவேயில்லை. "அது வளையுது, நெளியுது, சுழிக்குது. கண்ணாடிச் சாமான் மாதிரி. பழகினப்புறம் எடுத்துக்கலாம்" என்று தள்ளிவைத்துவிட்டார். முதல் எழுத்து 'ப'. "மூடி இல்லாத பெட்டி." அடுத்தது 'ட'. "ஒரு பக்கம் பிஞ்ச பெட்டி." 'ம' வந்தபோது சுண்டுவே முந்திக்கொண்டாள்: "பெட்டிக்குள்ள பூனை சுருண்டு படுத்திருக்கு!" மனைவி தன் பங்குக்கு ஒரு தட்டு நிறைய மாவைப் பரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அதில் விரலால் எழுதலாம், பிடிக்காவிட்டால் தட்டை ஆட்டிவிடலாம், தப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். சுண்டுவுக்கு எழுதுவதைவிட ஆட்டுவது பிடித்திருந்தது. ஆட்டுவதற்காகவே நிறைய எழுதினாள். மத்தியானம் வீடு திரும்பும் அம்மாவுக்கு, வீட்டிலும் ரொட்டிக் கடையே காத்திருக்கும்.

எழுத்துகள் கொஞ்சம் சேர்ந்ததும் அட்டைகள் திரும்பி வந்தன. ஆனால் இந்த முறை அவர் ஒன்றைக்கூட உரிய இடத்தில் ஒட்டவில்லை. வாளியில் 'கட்டில்'. கட்டிலில் 'படம்'. தன் நெற்றியில் 'தட்டு'. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பதறுவார்: "ஐயையோ! சரக்கு எல்லாம் மாறிப்போச்சு! இன்னிக்கு நீதான் சூப்பர்வைசர். எது எங்கே போகணும்னு சொல்லு, நான் கூலிக்காரன்!"

முதல் நாள் ஒரே ஒரு அட்டைக்கே காலை முழுவதும் போயிற்று. சுண்டு அட்டையைப் பார்ப்பாள், பொருளைப் பார்ப்பாள், அப்பாவின் வாயைப் பார்ப்பாள். அந்த வாய்தான் அவருக்குப் பெரிய எதிரி. குழந்தை 'ப' என்று தொடங்கினாலே மீதியைச் சொல்லத் துடிக்கும். "ப... படம்தானே?" என்று இரண்டு மூன்று தடவை அவரே கொட்டிக் கவிழ்த்துவிட்டார். சுண்டு கோபத்தில் மாவுத்தட்டைத் தட்டிவிட்டாள். அதன் பிறகு அவர் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு துண்டு டேப்பைக் கடித்து எடுத்துத் தன் வாய்மேல் குறுக்காக ஒட்டிக்கொண்டார். வாயை ஒட்டிக்கொண்ட நெட்டையான மனிதர் ஒருவர், கிறீச்சிடும் வண்டிக்குப் பின்னால் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறார். மீட்டர் பார்க்க வந்த மின்சார ஆபீஸ்காரர் ஒருநாள் அந்தக் கோலத்தைக் கண்டு, வேலையை முடிக்காமலே இறங்கிப் போய்விட்டார்.

ஆனால் அந்தக் காத்திருப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். பெருமூச்சு விட மாட்டார். குழந்தை எழுத்தை விட்டுவிட்டுத் தன் விரல் நகத்தை ஆராய்ந்தால், அவரும் அந்த நகத்தை அக்கறையாகப் பார்ப்பார். அவள் திரும்பி வரும்போது எழுத்து அங்கேயே இருக்கும், அவரும் அங்கேயே இருப்பார். அவசரம் என்ற சொல்லையே கிடங்கில் கழற்றி மாட்டிவிட்டு வந்த மனிதர் போல் இருக்கும். இத்தனைக்கும் லீவு முடிகிற தேதி அவர் நெஞ்சில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டுதான் இருந்தது. வாசற்படியில் மனைவியிடம் மட்டும், "வந்துடுமா?" என்று கேட்பார். "வரும், நீங்க போங்க" என்பாள் அவள். அவளுக்கும் தெரியாது.

ஒருநாள் கிடங்கில் அவர் போகிற பக்கமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, உங்களை எந்த ரேக்ல வைக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். "பார்த்துத் தூக்குங்கப்பா, உடைஞ்சுடப் போகுது" என்றார் இன்னொருவர். கடைசியில் சூப்பர்வைசர்தான் அவர் முதுகிலிருந்து அட்டையைப் பிய்த்துக் கையில் கொடுத்தார். 'பெட்டி' என்று இருந்தது. ஒரு எழுத்து மேலேயும் ஒன்று கீழேயுமாக, கொம்பு ஒடிந்து விழுகிற மாதிரி. அவருடைய கையெழுத்து இல்லை. மனைவியுடையதும் இல்லை. தட்டில் ஆட்டி அழித்துவிட முடியாத இடத்தில் சுண்டு எழுதிய முதல் சொல் அது. கிளம்பும்போது முத்தம் கொடுக்கிற சாக்கில் முதுகில் ஒட்டியிருக்கிறாள். அவர் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரும்பி நின்று, "சார், திரும்ப ஒட்டிடுங்க" என்றார். ஷிப்ட் முடிகிறவரை பெட்டியாகவே வேலை பார்த்தார்.

கட்டு பிரித்தார்கள். கால் மெலிந்து வெளுத்துப்போய் இருந்தது. சுண்டு அதை அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்தாள். லேசான தாங்கலோடு நடக்கத் தொடங்கினாள். பள்ளி திறக்கிற நாளும் வந்துவிட்டது.

அப்பா அம்மா இரண்டு பேரும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூட வந்தார்கள். வகுப்பறையில் பிள்ளைகள் இன்னும் வரவில்லை. குட்டி மேசைகள், குட்டி நாற்காலிகள். அவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வாசல் ஓரத்தில் வாயாடியின் தலை எட்டிப் பார்த்தது. டீச்சர் சுண்டுவைக் கொஞ்சிவிட்டு, சாக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார். 'கதவு'.

சுண்டு பார்த்தாள். உதடு அசைந்தது. "கதவு" என்றாள், தெளிவாக.

"அடடே, போதுமே!" டீச்சருக்கு மகிழ்ச்சி. "நல்லா தயார் பண்ணியிருக்கீங்க. அப்புறம் என்ன, செட்டோடயே உட்காரட்டும்."

மனைவி நிம்மதியாக மூச்சு விட்டாள். வாயாடி வெளியே குதித்தது கேட்டது. காரியம் முடிந்தது, இரண்டு கையையும் கூப்பி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் சுவரோரத்தில் நின்றவர் நெளிந்தார். தொண்டையைச் செருமினார்.

"டீச்சர்... அது வீட்டுல ஒட்டியிருந்த வார்த்தைங்க. அவளுக்குப் பழக்கம். வீட்டுல இல்லாத வார்த்தை ஒன்னு எழுதிப் பாருங்களேன்."

மனைவி அவர் முழங்கையில் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். கூடி வந்ததைக் கெடுக்கிறாரே மனுஷன்! மறுபடியும் ஒரு பொய்யான சபாஷை மகள் கையில் கொடுத்து அனுப்ப அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி, பலகையைத் துடைத்துவிட்டு, யோசித்து எழுதினார். 'படகு'.

சுண்டு பலகையைப் பார்த்தாள். பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பலகை, மேசை, சன்னல். எதுவும் உதவவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அத்தனை பாடுபட்டு ஒன்றும் இல்லாமல் வைத்திருந்தார். அவள் மறுபடி பலகைக்குத் திரும்பினாள்.

"ப" என்றாள்.

அங்கேயே நின்றுவிட்டாள். நல்ல காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டாள். டீச்சருக்கு மனம் இளகிவிட்டது. அடுத்த எழுத்தை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். டீச்சர்களைக் கண்டால் குரல் பாதியாகிவிடுகிற அந்த மனிதர், சட்டென்று கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினார். டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

"ப... ட... ட..." சுண்டுவின் விரல் காற்றில் எதையோ வரைந்தது. "கு. பட... கு. படகு?"

யாரும் சபாஷ் சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. தனக்குத்தானே ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், "படகு". முகம் மலர்ந்தது. உடனே புருவம் சுருங்கியது. தலையைத் திருப்பி அறை முழுவதையும் பார்த்தாள். மேசை வரிசையைப் பார்த்தாள், அலமாரி மேலே பார்த்தாள், சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"படகு எங்கப்பா? இங்க படகே இல்லையே!"

இல்லாத படகை மகள் படித்துவிட்டாள். டீச்சரும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நெட்டை உடம்பை மடக்கி மண்டி போட்டு, ஒரு குட்டி மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, அக்கறையாகப் படகைத் தேடினார். அங்கிருந்து வெளியே வர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.